காலையிலேயே வந்த வலி

இன்பராஜுக்கு வலி வந்தது காலை டீ வருவதற்கு முன்னால்.

சித்திரை மாதம். தகரக் கூரைக்குக் கீழே காற்று அசையவில்லை. தோல் பதனிடும் அந்த ராணிப்பேட்டை தோல்ஷாப்பில் ஷேவிங் மிஷின்கள் ஓடும் கொட்டகையில் பேச்சு காதில் விழாது. கையசைப்பும் தலையசைப்பும்தான். குரோம் உப்பு ஏறி நீலமாக வந்த ஈரத்தோலை உருளைக்குள் கொடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், பாதி சீவியதும் இழுத்துத் திருப்பி மறுபாதியைக் கொடுக்க வேண்டும். மிஷினுக்குள் சுழலும் கத்தி தோலின் உள்பக்கத்தைச் சீவி எல்லா இடத்தையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவரும். சீவல் பின்னால் நீலப் பஞ்சு மாதிரி குவியும். இன்பராஜ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிற வேலை. ஒரே மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வலி வந்த அன்றைக்கும் அதே மிஷின் முன்னால்தான் நின்றிருந்தான்.

ஒரு தோலைத் திருப்பும்போது மார்புக்கு நடுவில் யாரோ முழங்கையை ஊன்றியது போல இருந்தது. நிமிர்ந்தான். போகவில்லை. தாடைக்கு ஏறியது. இடது கை கனத்தது. நேற்று ராத்திரி தின்ற மொச்சைக் குழம்பு என்று நினைத்துக்கொண்டு மிஷினை நிறுத்திவிட்டுத் தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

மேஸ்திரி கோவிந்தசாமி வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா இன்பா, இப்டி வேர்த்துக் கொட்டுது?"

"வெயில் ஜாஸ்திண்ணா. கேஸு வேற."

"சோடா வாங்கியாரச் சொல்லட்டா? இல்ல வூட்டுக்குப் போறியா?"

"வேணாம்ண்ணா. செத்த நேரம் உக்காந்தா சரியாய்டும்."

"மேரிக்குப் போன் போடட்டா?"

"அதெல்லாம் போடாத. அவள சூப்பர்வைசராப் போட்டு இன்னும் ஒரு வாரம்கூட ஆவல. லைன்ல இருந்து எழுந்து வந்தான்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவானுங்க."

சோடா வந்தது. குடித்தான். ஏப்பம் வந்ததும் வலி குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி மிஷினுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தான். இப்படியே மதியம் வரை ஓடியது. சாப்பாட்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சக்கீரை கடைந்ததில் சோற்றைப் பிசைந்து இரண்டு கவளம் வாயில் வைத்தான். எழுந்துபோய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தான். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தோல் அடுக்கில் சாய்ந்துவிட்டான்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் கோவிந்தசாமி துண்டை விலக்கிப் பார்த்தார். உதடு கறுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்த டாக்டர் சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்ததும் அவள் நடை வேகமாயிற்று. மாத்திரைகளை வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள்.

"வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"இப்போதாங்க. சாப்பிட்டு... கொஞ்சம் கழிச்சு."

வாசலில் நின்ற கோவிந்தசாமி வாயைத் திறந்தார். இன்பராஜ் அவரைப் பார்த்தான். அவர் மூடிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. வேலை நேரத்தில் தூங்கி மாட்டிக்கொள்கிறவன் இப்போதுதான் கண்ணசந்தேன் என்பானே, அது மாதிரி வந்துவிட்டது. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு வேலூருக்கு ஆம்புலன்ஸ் சொன்னாள்.

இன்பராஜின் மனைவி மேரி என்கிற ஆரோக்கியமேரிக்கு ஷூ கம்பெனியில் வேலை. ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் பல வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை அந்த வாரம்தான் சூப்பர்வைசராக ஆக்கியிருந்தார்கள். கோவிந்தசாமியின் போன் வந்தபோது அவள் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. கூட வேலை செய்யும் ஷஹீன் பானுவையும் அழைத்துக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறி வேலூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். ஆம்புலன்ஸ் அப்போதுதான் உள்ளே நுழைந்தது.

ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நடந்து வந்த ஒரு பெண் மேரியின் தோளைத் தொட்டாள். ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். பெயர் ஷர்மிளா.

"அக்கா, நீங்கதான் இவர் வீட்டம்மாவா?"

"ஆமா சிஸ்டர். உசுருக்கு ஒண்ணும் இல்லியே?"

"டாக்டருங்க உடனே உள்ள எடுத்துட்டுப் போறாங்க. அடைச்ச ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பாங்க. அது எப்படியும் நடக்கும். நான் கேக்கறது வேற ஒண்ணு. அவங்க ரெடி பண்றதுக்குள்ள சொல்லிடறேன், கேக்கறீங்களா?"

மேரி தலையாட்டினாள்.

"ரத்தம் போகாம இருந்த எடத்துல திடீர்னு ரத்தம் பாயும்போது அந்தப் பாய்ச்சல்லயே கொஞ்சம் தசை கெட்டுப்போகுதுக்கா. அதைக் கம்மி பண்ண முடியுமான்னு ஒரு ஆராய்ச்சி நடக்குது. பிரஷர் பாக்கற மாதிரி கையில ஒரு பட்டை கட்டுவோம். கொஞ்ச நேரம் இறுக்குவோம், கொஞ்ச நேரம் விடுவோம். கைக்கு ரத்தம் நின்னு நின்னு போனா இதயமும் தன்னைக் காப்பாத்திக்கத் தயாராகிடும்னு ஒரு எண்ணம். அது நிஜமா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இது."

"அதக் கட்டுனா நல்லாய்டுவாரா?"

"தெரியாதுக்கா. அதுவும் பாதிப் பேருக்குத்தான் நிஜமா இறுக்குவோம். மீதிப் பேருக்கு லேசா காத்து மட்டும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடுவோம். அதனால வைத்தியத்துல ஒரு குறையும் இருக்காது." பிறகு ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தாள். "அண்ணா, உங்களுக்கும் காதுல விழுந்துச்சா? சம்மதமா?"

இன்பராஜ் கண்ணைத் திறந்தான். மேரியைப் பார்த்தான். "அவளையே கேளுங்க சிஸ்டர்" என்று மூடிக்கொண்டான்.

வைத்தியத்தில் ஒரு குறையும் இருக்காது என்றது மேரியின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் அதை நம்பவில்லை. ஆஸ்பத்திரிகளில் பெயர் கூப்பிடக் காத்துக் கிடந்தே பழகியவள். சரி என்று சொன்னால் இவனைப் பெயர் சொல்லி விசாரிக்க இந்தப் பெண் ஒருத்தியாவது இருப்பாள் என்று தோன்றியது.

"கட்டுங்க சிஸ்டர்" என்றாள். காட்டிய இடத்தில் அவனும் கிறுக்கினான், அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அடைப்பைத் திறந்து ரத்தம் ஓடவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது மேரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷஹீன் பானு கேண்டீனிலிருந்து டீ வாங்கி வந்து குடிக்க வைத்தாள்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பெருமாள். கலவை ஊர்ப் பக்கம் வேர்க்கடலை, நெல் பயிர் வைக்கிறவர். அவருக்கும் அதே வலி, அதே ஸ்டென்ட், அதே ஆராய்ச்சி. மூச்சு வாங்கினாலும் பேச்சு நிற்காது.

"தம்பி, உனக்கும் கையக் கட்டுனாங்களா?"

"கட்டுனதாச் சொல்றாங்கண்ணா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"எனக்கு நல்லா இறுக்குனாங்கப்பா. நரம்பைப் புடுங்கற மாதிரி. உனக்குத் தெரியலேன்னா உனக்குக் காத்துதான் வெச்சிருப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அந்த நர்ஸுப் பொண்ணு சொல்லுச்சே, ரத்தம் திரும்ப வர்றதுலயும் கெடுதல் இருக்குன்னு. எனக்கு டக்குனு புரிஞ்சிது. விரிஞ்சிபுரத்துல எங்க மச்சான் இருக்கான். பாலாத்துல தண்ணி வர்லியே, வர்லியேன்னு எத்தினி வருஷம் அழுதிருப்பான்! அந்த ஐப்பசியில வந்துச்சு பாரு வெள்ளம், ஒரே நாள்ல கரைய அரிச்சு அவன் தென்னையெல்லாம் சாய்ச்சிட்டுப் போச்சு. தண்ணிதான் கேட்டான். தண்ணிதான் வந்துச்சு."

இன்பராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தான். ஊசி போட்ட இடத்தில் மட்டும் கன்றியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெரிய டாக்டர் மேரியிடம் சொன்னார். ஹார்ட் பம்பிங் கம்மியாக இருக்கிறது. தசை நிறையக் கெட்டுவிட்டது. உப்பு குறைக்க வேண்டும், தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. மிஷினில் நிற்கிற வேலை இனி முடியாது. "இவ்வளவு சீக்கிரம் வந்தும் இவ்வளவு டேமேஜ் ஆயிருக்கு" என்று அவர் ஈசிஜியைப் பார்த்தபடி தனக்குள் சொல்லிக்கொண்டார். கட்டிலில் இருந்த இன்பராஜ் தலையணை உறையைச் சரி செய்தான். பெருமாள் அதற்கு முந்தின நாளே பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருந்தார்.

இன்பராஜின் அண்ணன் ரத்தினசாமி அதே காலனியில் மேட்டுத் தெருவில் இருக்கிறார். நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. அவர் குடும்பம் கோயில் பக்கம். தம்பி மேரியைக் கட்டியதிலிருந்து சர்ச் பக்கம். அதனால் சண்டை எதுவும் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு இங்கே சாப்பாடு, பொங்கலுக்கு அங்கே. தம்பி என்றால் ரத்தினசாமிக்கு உயிர். அவர் தம்பி வீட்டுக்கு வந்து கட்டிலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பட்டை கட்டிய கதை வந்ததும் முகம் மாறியது.

"ஆராய்ச்சியா? யார் சரின்னது?"

"நான்தான் மாமா" என்றாள் மேரி.

"இன்னா காரியம் பண்ண மேரி? ஹார்ட்டுக்கே ரத்தம் போவாம கெடக்கறான். அந்த நேரத்துல கைய வேற கட்டுனா ரத்தம் எங்கேந்து போவும்? படிக்காத எனக்கே தெரியுதே. இவன் இன்னா ஆட்டுக்குட்டியா, வெச்சு சோதிச்சுப் பாத்துக்கங்கன்னு குடுத்துட்டு வர்றதுக்கு?"

"அவங்க நல்லதுக்குத்தான்..."

"நல்லாயிருந்த ஆளு. கல்லு மாதிரி இருந்தான். இப்போ பாரு, குளிக்கப் போய்ட்டு வந்தா மூச்சு வாங்குது."

"மாமா, இவருதான் என்னையக் கேக்கச் சொன்னாரு. இவரையே கேளுங்க."

"அவன் நெனவுலயா இருந்தான்?"

இரண்டு பேரும் இன்பராஜைப் பார்த்தார்கள். அவன் விட்டத்தைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மேட்டுத் தெருக் குழாயடியில் ரத்தினசாமி பேசியது மேரி இருக்கும் கீழ்த் தெருவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. மேரி புருஷனை ஆராய்ச்சிக்கு விட்டுக் கொடுத்துவிட்டாள் என்று ஆனது. சர்ச்சில் ஒருத்தி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கேட்டா தப்பா நெனைக்காத, அதுக்கு ஆஸ்பத்திரில எதுனா குடுத்தாங்களா?" என்றாள். மேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இன்பராஜிடம் அதைச் சொன்னாள். அவன், "பேசறவங்க பேசட்டும்" என்றான்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது லைனில் வேறொருத்தி சூப்பர்வைசர் அட்டையோடு நின்றாள். அலுவலகத்தில் கூப்பிட்டு, புரொடக்‌ஷன் நிற்கக் கூடாது இல்லையா, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். மேரி பழைய தையல் மிஷினில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். மதியம் சாப்பிடும்போது ஷஹீன் பானு தன் டப்பாவிலிருந்து கத்திரிக்காய்த் தொக்கை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"உங்க மச்சாண்டார் பேசறத விடுங்கக்கா. உங்க வூட்டுக்காரர் இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்றதில்ல."

"அதான் எனக்குப் பேஜாரா இருக்கு. நானும் அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னேன். அவளையே கேளுங்கன்னு அவரு சொன்னத என் காதால கேட்டேன். அத அவங்க அண்ணன்கிட்ட சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

மேரி தொக்கைச் சோற்றில் பிசைந்தாள். "ஒடம்பு முடியாதவர்கிட்ட இன்னான்னு கேக்கறது?"

தோல்ஷாப்பில் இன்பராஜை கேட்டில் உட்கார வைத்தார்கள். லாரி வந்தால் கதவைத் திறக்க வேண்டும். ஈரத்தோல் ஏற்றிய லாரியிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அவன் அதையே பார்த்துக்கொண்டு இருப்பான். கோவிந்தசாமி போகும்போதும் வரும்போதும் நின்று, "இன்னா இன்பா" என்பார். "ஒண்ணும் இல்லண்ணா" என்பான். அதற்கு மேல் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சாயங்காலம் மேரி வருவதற்குள் சோறு வடித்து வைக்கக் கற்றுக்கொண்டான். வெங்காயம் அரியும்போது நடுவில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொள்வான். உப்பில்லாக் குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிடுவான். காலில் வீக்கம் இருக்கிறதா என்று மேரி தினமும் அழுத்திப் பார்ப்பாள். காலை நீட்டிக் காட்டுவான். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

பெருமாள் அவ்வப்போது போன் செய்வார். "கடலை பறிக்கறோம் தம்பி. நானும் வெயில்லதான் நிக்கறேன். மருமக திட்டறா. அந்தப் பட்டை என்னைக் காப்பாத்திடுச்சுப்பா." போனை வைத்ததும் இன்பராஜ் மேரியிடம் சொல்வான்: "எனக்கு டூப்பு வெச்சிட்டானுங்க." ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி ஷர்மிளா கூப்பிட்டால் போக மாட்டான். "டூப்பு வெச்சிட்டு இன்னும் இன்னா கேள்வி?" ஷர்மிளாவின் போனைக் கம்பெனியில் இடைவேளையில் எடுத்து மேரிதான் பதில் சொன்னாள். மூச்சு வாங்குகிறது. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். இல்லை, வலி வரவில்லை. சிரிப்பதில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மழை விட்டபிறகு ஷர்மிளா கூப்பிட்டாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, கலந்துகொண்டவர்களைக் கூப்பிட்டு முடிவைச் சொல்லப் போகிறோம், யாருக்கு எது என்பதையும் சொல்வோம் என்றாள். இன்பராஜ் வருவதாகச் சொன்னதே மேரிக்கு ஆச்சரியம். டூப்பு என்பதை ஆஸ்பத்திரிக்காரர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று கிளம்பினான்.

ஒரு கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேட்டி, லுங்கி, பர்தா, சர்ச்சுக்குப் போகிற புடவை என்று எல்லாரும் இருந்தார்கள். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். பெருமாள் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து இன்பராஜின் தோளைக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா ஒருவர் மைக்கைப் பிடித்தார்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். நிஜமா இறுக்கினவங்களுக்கும் சும்மா கட்டினவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. இந்தப் பட்டையால நல்லதும் நடக்கல, கெட்டதும் நடக்கல."

கூடத்தில் சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவர், "அப்போ அத்தினியும் வேஸ்ட்டாம்மா?" என்றார்.

"எங்களுக்கும் ஏமாத்தம்தான். உதவும்னு நெனச்சோம். உதவலன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. இனிமே யாருக்கும் இதைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டோம், வேற வழி தேடுவோம். நீங்க வந்ததாலதான் அது தெரிஞ்சது. ஆனா ஒண்ணு மட்டும் ரொம்பத் தெளிவாத் தெரிஞ்சிது. வலி வந்த உடனே வந்தவங்க நல்லா இருக்காங்க. பொறுத்துப் பாத்துட்டு வந்தவங்களுக்குத்தான் தசை போயிருக்கு."

கூட்டம் முடிந்ததும் ஷர்மிளா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். பெருமாளுக்கு வெறும் காற்று. அவர் நம்பவில்லை.

"நரம்பைப் புடுங்குச்சேம்மா!"

"பயத்துல அப்படித் தோணியிருக்கும் ஐயா."

"அப்போ நான் எப்படி நல்லானேன்?"

"நெஞ்சைப் புடிச்ச ஒடனே உங்க மருமக வண்டியில ஏத்திட்டு வந்துட்டாங்களே. அதுதான்."

பெருமாள் வாய்விட்டுச் சிரித்தார். ஷர்மிளா இன்பராஜ் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்களுக்கு நிஜமா இறுக்கினோம். நெஞ்சு வலியில உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது."

மேரி புருஷனைப் பார்த்தாள். மேரிதான் கேட்டாள். "அப்போ இவருக்கு மட்டும் ஏன் சிஸ்டர் இப்படி?"

"அதுதான்க்கா எங்களுக்கும் புரியல. பட்டையால இல்ல, அது நிச்சயம். அண்ணாவும் லேட்டா வரல. வலி வந்து கொஞ்ச நேரத்துலயே வந்துட்டாரு. சில பேருக்கு அப்படியும் ஆயிடுது. டாக்டரம்மா அண்ணாவைப் பத்திப் பல தடவை பேசியிருக்காங்க, ஏன் இப்படி ஆச்சுன்னு."

இன்பராஜ் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தான். பாலாற்று மணலில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மேரி அடுப்பில் களிக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தாள். இன்பராஜ் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"மேரி."

"ம்."

"அன்னிக்கு வலி சாப்பிட்டப்புறம் வரல."

அவள் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"காலையிலயே வந்துடுச்சு. டீ வர்றதுக்கு முன்னாடி."

கை நின்றது. "காலையிலயா?"

"ம்."

"சாயங்காலம் வரைக்கும் அங்கியே உக்காந்துனு இருந்தீங்களா?"

"கேஸுன்னு நெனச்சேன். மதியம் வாந்தி எடுத்தப்போ கேஸு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாருக்குத் தெரியும் இது?"

"கோவிந்தசாமிக்கு."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பண்ணியிருந்தா வந்திருப்ப."

"வந்திருப்பேன்."

"அதான் பண்ணல. புதுசா அந்த வேலையில ஒக்கார வெச்சிருந்தாங்க. நீ அந்த அட்டையக் கழுத்துல மாட்டினு கண்ணாடியப் பாத்தத நான் பாத்தேன்."

களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மேரி அடுப்பை அணைத்தாள்.

"அந்த வேலையும் போச்சு" என்றாள். "போவட்டும். அத விடுங்க. உங்கண்ணன் இங்க வந்து, இதே வூட்ல உக்காந்து, புருஷன ஆட்டுக்குட்டியாக் குடுத்துட்டேன்னு என்னையக் கேட்டாரே. நீங்க கட்டில்லதான இருந்தீங்க?"

"ஆமா."

"வாய் இருந்துச்சில்ல?"

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணரை வருஷம். நானே நம்பிட்டேன், தெரியுமா? நாமதான் ஏதோ பண்ணிட்டோம்னு. நீங்க தூங்கனப்புறம் அந்தக் கையத் தொட்டுப் பாத்துனு கெடந்திருக்கேன். சூடா இருக்குதா, ரத்தம் ஓடுதான்னு." குரல் உடையவில்லை. கம்பெனியில் ஒரு தையலைப் பிரித்துக் காட்டிக் குறை சொல்வது போலத்தான் பேசினாள். "சொல்லியிருந்தா உங்களத் திட்டியிருப்பேன். ஒரு நாளு திட்டியிருப்பேன். அவ்ளோதான?"

"பயமா இருந்துச்சு மேரி. நானே என்னக் கெடுத்துக்கிட்டேன்னு ஆய்டும். பழியப் பட்டை மேல போட்டா... அது மேல போட்டா தாங்க முடிஞ்சுது."

"பட்டை மேலயா போட்டீங்க? எம்மேல போட்டீங்க."

கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "செருப்பைப் போடுங்க."

"எங்க?"

"உங்கண்ணன் வூட்டுக்கு."

"நாளைக்கு..."

"போடுங்க."

மேட்டுத் தெரு ஏற்றம். வெயில் சாய்ந்திருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பெண்கள் குடங்களை வரிசை போட்டு நின்றார்கள். இன்பராஜ் குழாயடியில் நின்று மூச்சு வாங்கினான். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார்கள். மேரி சற்றுத் தள்ளி நின்று அவன் மூச்சு அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு நடந்தாள்.

ரத்தினசாமி அப்போதுதான் குழாயைத் திறந்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கண்ணம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும், "ஏன்டா ஏறி வந்த? சொன்னா நான் வரமாட்டனா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்பராஜ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். காலை வலி, சோடா, கோவிந்தசாமி, டாக்டரிடம் மாற்றிச் சொன்னது, நர்ஸ் கேட்டபோது அவளையே கேளுங்கள் என்று தான் சொன்னது. இன்று ஆஸ்பத்திரியில் பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதையும் விடவில்லை. நடுவில் இரண்டு தடவை மூச்சுக்கு நிறுத்தினான்.

கண்ணம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். ரத்தினசாமி ஈரக் காலோடு நின்றார்.

"ஏன்டா டேய்" என்றார்.

மேரி போனை எடுத்தாள். "சிஸ்டர்ட்டயும் சொல்லுங்க. அவங்க உங்களப் பத்தி யோசிச்சுனு இருக்காங்க." ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள். ஷர்மிளா எடுத்தாள். இன்பராஜ் சுருக்கமாகச் சொன்னான்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்குமாண்ணா?"

"ஆமா சிஸ்டர்."

"சரிண்ணா" என்றாள் ஷர்மிளா. "டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்." பிறகு, "அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள். மேரி போனை வாங்கி அணைத்துவிட்டாள்.

"டீ போடறேன் மேரி, இரு" என்றாள் கண்ணம்மாள்.

"வேணாம்க்கா. களி அப்டியே கெடக்குது." மேரி படியிறங்கினாள். இன்பராஜ் பின்னால் இறங்கினான். ரத்தினசாமி உள்ளே போய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பொத்தான்கூடப் போடாமல் பின்னாலேயே வந்தார். எங்கே வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் இன்பராஜின் நடை வேகத்துக்கு மெதுவாக இறங்கினார்கள்.

குழாயடியில் இன்னும் கூட்டம் இருந்தது. ரத்தினசாமி அங்கே நின்றார்.

"யம்மா, கொஞ்சம் கேளுங்க."

"விடுங்க மாமா" என்றாள் மேரி. "இங்க வேணாம்."

"இங்கதான் நான் பேசுனேன். இங்கதான் சொல்லணும்." தண்ணீர் திறந்துவிடும்போது தெருவுக்குக் குரல் கொடுப்பவர். அந்தக் குரலிலேயே சொன்னார். "என் தம்பி ஒடம்பு கெட்டதுக்கு மேரி காரணம் இல்ல. அவனுக்குக் காலையில வலி வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்காம உக்காந்துனு இருந்தான். அவதான் ஆஸ்பத்திரில நின்னு அவன உசுரோட கொண்டாந்தா. நான் தெரியாம அவளப் பேசிட்டேன். நான் பேசுனதக் கேட்டு நீங்க பேசுனீங்க. இனிமே யாரும் பேசக் கூடாது."

இன்பராஜ் எல்லார் முன்னாலும் தலையை ஆட்டினான். "ஆமா" என்றான். "நாந்தான்."

மேரி குழாய்த் திட்டில் உட்கார்ந்தாள். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. இன்பராஜ் ஒரு அடி எடுத்து வைத்து, நெருங்கலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றான். யாருடைய குடமோ நிரம்பி வழிந்து அவன் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை.